குதிரைக்குத் தீனி வைத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்: சவாரிக்காரர்களுக்கு உடற்பயிற்சி, படிப்படியாக

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள எல்லை வரைக்கும் தென்னந்தோப்புதான். அந்தத் தோப்புகளில் ஆங்காங்கே ஒரு குதிரை, இரண்டு குதிரை என்று கட்டி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆசையாகப் பிடித்து வந்த குதிரையாக இருக்கும். விடியற்காலையில் லாயம், அப்புறம் வேலை, சாயந்தரம் மறுபடி லாயம். இவர்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதுக்கு ஏதுங்க நேரம்?" இன்னொன்று, "குதிரை ஓட்டறதே உடற்பயிற்சிதானுங்களே!"

இரண்டாவது பதில் பாதி உண்மை. சவாரியில் தொடையின் உள்பக்கம், அடிவயிறு, நடுமுதுகு எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் குதிரை மெதுநடையில் போகும்போது நமக்குப் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. தோளுக்கும் கைக்கும் பலம் கூடுவதில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு மடங்கியே கிடந்த உடம்பு, சேணத்திலும் மடங்கியே உட்காருகிறது. இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிப்போய், கொஞ்ச நாளில் கீழ்முதுகு வலிக்க ஆரம்பிப்பது இதனால்தான்.

நம் உடம்பு ஒரு பக்கம் இருக்கட்டும், குதிரையின் முதுகை நினைத்துப் பாருங்கள். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 380 கிலோ குதிரை என்றால் 76 கிலோ. சேணம் 8 கிலோ போனால் ஏறுபவருக்கு 68 கிலோதான் மிச்சம். எடை வரம்புக்குள் இருந்தாலும், அசையாமல் உட்கார்கிற 65 கிலோ வேறு, ஒவ்வொரு அடிக்கும் தொம் தொம்மென்று விழுகிற 65 கிலோ வேறு. எங்கள் பக்கம் குதிரை பழக்குகிற பெரியவர் ஒருவர், புதிதாக வந்த பையனைப் பார்த்து இப்படிக் கேட்டார்: "ஏங்கண்ணு, குதிரை மேல உக்காந்திருக்கியா, இல்ல கடிவாளத்தப் புடிச்சுத் தொங்கறியா?" வயிற்றிலும் இடுப்பிலும் பலம் இல்லாதவர், தடுமாறும்போதெல்லாம் கடிவாளத்தைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த இழுப்பு முழுக்கக் குதிரையின் வாயில் விழும். குதிரை வைத்திருப்பவர் உடம்பைத் தேற்றிக்கொள்வது, குதிரைக்குச் செய்ய வேண்டிய கடமை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, நேரத்துக்கு வருவோம்.

முதல் படி: ஏற்கெனவே செய்வதைக் கணக்கில் எடுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும். 150 என்றதும் மலைக்காதீர்கள். லாயத்தைக் கூட்டி லத்தி அள்ளுவது, தீவனப்புல் அறுத்துக் கொண்டுவருவது, குதிரையைக் கையில் பிடித்து வேகமாக நடப்பது எல்லாமே இதில் சேரும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

ஒரு வாரம் மட்டும் தீவனக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைக் குறித்து வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 150-இல் பாதிக்கு மேல் லாயத்திலேயே ஆகியிருக்கும். பலப் பயிற்சி மட்டும் பூஜ்யமாக நிற்கும். நாம் தேட வேண்டியது அதற்கான நேரத்தைத்தான்.

இரண்டாம் படி: அந்த ஒரு மணி நேரம்

கொள்ளு, தவிடு என்று அடர்தீவனம் வைத்த உடனே குதிரையை ஓட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். வயிற்று வலி வந்தால் குதிரைக்கு உயிருக்கே ஆபத்து. இது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? டீ குடிக்கிறோம், போனைப் பார்க்கிறோம். உங்களுக்கு வேண்டிய 20 நிமிடம் அதற்குள்தான் இருக்கிறது. புதிதாக அலாரம் வைக்க வேண்டாம், ஜிம்முக்கு வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தீனித் தொட்டியில் கொள்ளைக் கொட்டியதும் பயிற்சி ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்குத் தீனி வைக்க யாரும் மறப்பதில்லை, அதனால் இதுவும் மறக்காது.

மூன்றாம் படி: தண்ணீர் வாளியைத் தூக்கும் விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் பலன் அதிகம். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னும் கூடும். எப்படியும் தூக்கத்தான் போகிறோம்.

வழக்கமாக எல்லோரும் ஒரு வாளியை நிறைய நிரப்பி, வலது கையில் பிடித்து, உடம்பை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நடப்பார்கள். தினமும் இப்படியே நடந்தால் முதுகின் ஒரு பக்கம் மட்டும் இறுகும். சேணத்தில் உட்காரும்போதும் அந்தச் சாய்வு கூடவே வரும். நேராகப் போகச் சொன்னால் குதிரை ஒரு பக்கமாகவே ஒதுங்குகிறதா? குதிரையைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் தோளைக் கண்ணாடியில் பாருங்கள்.

ஒன்றுக்குப் பதில் இரண்டு வாளி எடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதி, அதாவது ஏழெட்டு லிட்டர் போதும். இரண்டுக்கும் நடுவில் நின்று, முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கிக் கீழே போங்கள். கைப்பிடியை இறுகப் பிடித்து, குதிகாலால் தரையை அழுத்தி எழுந்திருங்கள். தோள் இரண்டும் காதை விட்டு இறங்கியிருக்க வேண்டும். வயிற்றை லேசாக உள்ளே பிடித்து, சின்னச் சின்ன அடியாக, தண்ணீர் தளும்பாமல் நடங்கள். தளும்பாமல் நடப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இடுப்பு ஆடினால் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டும், தப்பு உடனே தெரிந்துவிடும். சேணத்தில் இடுப்புக்குக் கீழே உடம்பு குதிரையோடு அசைய, மேலே அசையாமல் இருக்க வேண்டும். அதற்கான பாடம் இந்த நடையிலேயே கிடைக்கிறது.

தவிட்டு மூட்டையைத் தூக்குவதும் இதே மாதிரிதான்: முதலில் குத்துக்கால் வையுங்கள், மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எழுந்திருங்கள். லத்தி அள்ளும்போது பத்து அள்ளு வலது கை முன்னால், பத்து அள்ளு இடது கை முன்னால் என்று மாற்றுங்கள். இடது பக்கம் முதல் ஒரு வாரம் அசௌகரியமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

நான்காம் படி: வாரத்தில் இரண்டு நாள் பலப் பயிற்சி

திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருந்தால் போதும்.

முதலில் பஸ்கி. காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, நாற்காலியில் உட்காருவது போல இறங்கி எழுந்திருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. 10 முறை, சற்று ஓய்வு, மறுபடி 10 முறை. முழங்கால் வலி உள்ளவர்கள் திண்ணையிலோ கல்லிலோ உட்கார்ந்து எழுந்தால் போதும்.

அடுத்தது தண்டால். தரையில் வராவிட்டால் தொழுவச் சுவரில் கை ஊன்றிச் செய்யுங்கள், பிறகு திண்ணை, அப்புறம் தரை. அவசரமே இல்லை. 8 முறை போதும்.

மூன்றாவது பிளாங்க். முழங்கை இரண்டையும் தரையில் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை உடம்பை நேராகப் பிடித்து 20 விநாடி நில்லுங்கள். மூச்சை அடக்காதீர்கள். புதிதாகச் சவாரி பழகுபவர்கள் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், உடனே உடம்பு விறைக்கும், குதிரைக்கும் அது தெரிந்துவிடும். பிளாங்கில் நிற்கும்போது வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடிந்தால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் ஒருக்களித்து 15 விநாடி.

கடைசியாக, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்குங்கள். யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு சேதுபந்தாசனம் என்றால் புரியும். 12 முறை. நாற்காலி உத்தியோகக்காரர்கள் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம். பின்பக்கத் தசை விழித்தால்தான் சேணத்தில் இடுப்பு நிமிரும்.

எல்லாம் சேர்த்து 15 நிமிடம். தரையில் விரிக்க ஒரு சாக்கு போதும்.

லாயத்துத் தரையில் கை ஊன்றுவதற்கு முன் ஒரு விஷயம். குதிரைச் சாணத்தில் டெட்டனஸ் கிருமி சர்வசாதாரணம். உங்கள் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஏறுவதற்கு முன், இறங்கிய பின்

சேணத்தின் வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. லேசாகக் கட்டி, நாலு அடி நடத்தி, மறுபடி இறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் உடம்பைச் சூடேற்றுங்கள்: கணுக்காலைச் சுழற்றுங்கள், இடுப்பை வட்டமாகச் சுற்றுங்கள், காலை முன்னும் பின்னுமாக ஊசலாட்டுங்கள், ஒரு பக்கத்துக்கு பத்து. அசையாமல் பிடித்து நீட்டும் பயிற்சிகளை இப்போது செய்ய வேண்டாம், அதெல்லாம் சவாரிக்குப் பிறகு.

ஏற ஒரு கல்லோ மரப்படியோ வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அங்கவடியைப் (சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் வளையம்) பிடித்துத் தொங்கி ஏறினால் சேணம் இடது பக்கம் இழுபடும், குதிரையின் முதுகும் நோகும். அதே படி உங்களுக்கும் உதவும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் விளிம்பில் வைத்து, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி 30 விநாடி நில்லுங்கள். கெண்டைக்கால் தளர்ந்தால்தான் அங்கவடியில் குதிகால் தானாக இறங்கும். "குதிகாலை இறக்கு" என்று மணிக்கணக்கில் கத்துவதைவிட இது மேல். இறங்கியதும் இதைச் செய்துவிட்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, இடுப்பை மெதுவாக முன்னே தள்ளுங்கள். இறுகிக் கிடந்த முன் இடுப்பு விரியும்.

ஆறாம் படி: மூச்சுக்கான பயிற்சி

ரைசிங் டிராட்டில், அதாவது குதிரையின் துள்ளுநடைக்கு ஏற்ப சேணத்தில் எழுந்து எழுந்து உட்காரும் சவாரியில், ஐந்து நிமிடத்தில் மூச்சு இரைக்கிறது என்றால் கால் பலத்தோடு தம்மும் வேண்டும். சவாரி முடிந்ததும் குதிரையின் சூடு தணிய எப்படியும் பத்து நிமிடம் நடத்த வேண்டும். அப்போது மேலே உட்கார்ந்தே வராமல் இறங்கி, வாரைத் தளர்த்தி, கூடவே கை வீசி நடங்கள். குதிரைக்கு முதுகுப் பாரம் குறையும், உங்களுக்கு நடை கிடைக்கும்.

சவாரி இல்லாத ஒரு நாள், வாய்க்கால் மேட்டில் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். மழை பெய்தால் கொட்டகைக்குள் ஸ்கிப்பிங் கயிறு.

ஏழாம் படி: சோறும் தண்ணீரும் காலமும்

வெறும் டீயைக் குடித்துவிட்டு ஏறாதீர்கள். அரை மணி முன்னால் ஒரு நேந்திரம் பழமோ, பாலக்காட்டுக்காரர்கள் போல அவல் நனைத்துத் தேங்காய்ப்பூ போட்டோ கொஞ்சம் சாப்பிடுங்கள். முடிந்த பிறகு முட்டை, சுண்டல், கொள்ளுப் பருப்பு என்று புரதமாகப் பாருங்கள். மூட்டை மூட்டையாகக் கொள்ளு வாங்கும் வீட்டில் வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம் வைப்பதில் என்ன சிரமம்? வியர்த்து ஊற்றும் நாட்களில் உப்புப் போட்ட நீர்மோர், இளநீர்.

கோடையில் காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பாலக்காட்டுப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அன்றைக்குப் பயிற்சியைப் பாதியாக்குங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்து, கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் தென்னை மட்டை விழும் காலத்தில் தோப்புக்குள் ஓடுவதோ குதிரை ஓட்டுவதோ வேண்டாம். அந்த வாரங்களில் கொட்டகைக்குள் பலப் பயிற்சியை மூன்று நாளாக்கிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது

நான்கு வாரம் இப்படியே போகட்டும். அப்புறம் பஸ்கி 15, பிளாங்க் 30 விநாடி, வாளியில் இன்னும் இரண்டு லிட்டர். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். முன்னேற்றத்தைப் பார்க்க இரண்டு சோதனை போதும். ஒற்றைக் காலில் கை ஊன்றாமல் 30 விநாடி நிற்க வருகிறதா, இரண்டு காலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், பழக்குபவர் குதிரையைக் கயிற்றில் பிடித்திருக்க, அங்கவடியில்லாமல் நடையில் ஒரு சுற்று வந்து, கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

நாள் தவறினால் விட்டதைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அடுத்த முறை வழக்கமான அளவோடு தொடருங்கள். நேரமே இல்லாத வாரத்தில் வாளி நடையும் இடுப்பைத் தூக்கும் பயிற்சியும் மட்டும் போதும்.

தசை பிடிப்பும் அலுப்பும் இரண்டு நாளில் போய்விடும். முதுகு வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, நெஞ்சு பாரமாக இருந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும், எழுந்து நடக்க முடிந்தாலும், அன்றைக்கு மறுபடி ஏறக் கூடாது, பயிற்சியும் கூடாது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு முதல் வார அளவிலிருந்தே ஆரம்பியுங்கள்.