சாவியும் இல்லை, பிங்க் ஸ்லிப்பும் இல்லை: அண்ணனின் காரை நன்கொடையாகக் கொடுத்த விதம்

அண்ணன் குடும்பம் 2023 ஜூலையில் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போனபோது, அவர்களுடைய 2003 ஹோண்டா அக்கார்டை ஃப்ரீமான்ட்டில் உள்ள எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்திவிட்டுப் போனார்கள். "ரெண்டு மாசத்துல யாருக்காவது குடுத்துடு" என்றார் அண்ணன். இரண்டு மாதம் இரண்டு வருடமானது. பாட்டரி செத்துவிட்டது. ஒரு டயர் தரையோடு படிந்துவிட்டது. கண்ணாடி முழுக்க மரப்பிசின். சாவி எங்கே என்று கேட்டால், "உங்கிட்டதானே குடுத்தேன்" என்கிறார். வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டில் எங்கே என்றால் அண்ணி, "அந்த நீல ஃபைல்ல இருந்துச்சே" என்கிறார். நீல ஃபைல் ஊருக்குப் போன பெட்டிகளில் எதில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

இங்கே கலிஃபோர்னியாவில் கார் டைட்டிலைப் பிங்க் ஸ்லிப் என்பார்கள். அது தொலைந்தால் வண்டியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் கூப்பிட்ட தொண்டு நிறுவனத்திலும் "டைட்டில் இல்லையா, அப்போ முடியாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்கள். ஆனால் முடியும். சாவி தொலைந்தது இதில் சின்ன விஷயம். டைட்டில் தொலைந்ததற்கு ஒரு ஃபார்ம் இருக்கிறது. உண்மையில் வேண்டியது, டி.எம்.வி. என்னும் மாநில வாகனத் துறையின் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கையெழுத்து. அது கிடைக்குமா என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். நான் தலைகீழாகச் செய்து மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

அதனால் முதல் வேலை, பழைய ரெஜிஸ்ட்ரேஷன் கார்டோ டி.எம்.வி.யிலிருந்து வந்த ஏதாவது ஒரு கடிதமோ இருந்தால் தேடி எடுப்பது. அதில் இரண்டு பேர் பெயர் இருந்தால் நடுவில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' (அல்லது) என்று இருந்தால், இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். 'ஆண்ட்' (மற்றும்) என்றோ ஒரு சாய்கோடோ இருந்தால் இரண்டு பேரும் போட வேண்டும். அண்ணன், அண்ணி பெயர்களுக்கு நடுவே 'ஆண்ட்' இருந்தது. அது தெரியாமல் அண்ணனிடம் மட்டும் கையெழுத்து வாங்கி, ஃபார்ம் ஒருமுறை வீணாயிற்று.

அதே காகிதத்தில் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆனால் வங்கியின் பெயர் பதிவிலிருந்து நீங்காமல் இருக்கலாம். அப்படியென்றால் கடன் தீர்ந்தது, எங்களுக்கு உரிமை இல்லை என்று வங்கி எழுதித் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் வங்கியின் அந்தக் கையெழுத்துக்கு நோட்டரி தேவை. வங்கி வேறொன்றோடு இணைந்துவிட்டால் புதிய வங்கியிடம் கேளுங்கள். நொடித்து மூடப்பட்ட வங்கி என்றால், வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யிடம் விண்ணப்பித்து அந்தக் கடிதத்தை வாங்கலாம். இது நேரம் எடுக்கும் வேலை, அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

அடுத்தது வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண். 1981 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரே நீளம்தான். ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஸ்டிக்கராக இருக்கும், ஆனால் வண்டி பூட்டியிருந்தால் அதைப் பார்க்க வழியில்லை. முன்கண்ணாடியின் கீழ் மூலையில், ஓட்டுநர் பக்கம், டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். நான் பிசினைச் சுரண்டி, வெந்நீர்த் துணியால் துடைத்து, மாலை வெயில் சாய்ந்த பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். நேராக அடித்தால் கண்ணாடி பளபளத்து ஒன்றும் தெரியாது. 1எச்ஜி என்று தொடங்கியது: ஒன்று என்றால் அமெரிக்காவில் தயாரானது, எச் என்றால் ஹோண்டா. படிக்கும்போது ஒரு விஷயம் உதவும். வின் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான், நிமிர்ந்த கோடு என்றால் ஒன்றுதான். ஐந்தும் எஸ்ஸும்தான் ஏமாற்றும். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் எழுத்து தப்பினால் ஃபார்ம் திரும்பி வந்துவிடும்.

சரி, சாவிக்கு வருவோம்.

"டேஷ்போர்டுல ஒரு குட்டிப் பிள்ளையார் ஒட்டியிருக்கும், அதை மட்டும் எடுத்து வச்சுடு" என்று அண்ணி சொல்லியிருந்தார். அதற்காகவாவது கதவைத் திறக்க வேண்டியிருந்தது. பூட்டு திறப்பவர் வந்தார். வண்டி யாருடையது என்று கேட்டார். கேட்பதுதான் முறை. எங்கள் முகவரிக்கு வந்த டி.எம்.வி. கடிதத்தைக் காட்டி, அண்ணனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, அவர் தன் லைசென்ஸைக் காட்டிய பிறகே கருவியை எடுத்தார். கதவு இடுக்கில் ஒரு சின்னக் காற்றுப்பையைச் செருகி ஊதி, நீளக் கம்பியை விட்டு உள் பூட்டை இழுத்தார். இரண்டு நிமிடம்தான். தொண்ணூறு டாலர் வாங்கிக்கொண்டார்.

திறப்பது வேறு, புதுச் சாவி செய்வது வேறு. இந்த அக்கார்டு மாதிரி வண்டிகளின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். சாவியை வெட்டினால் மட்டும் போதாது, அந்தச் சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் கிளம்பாது. வின் எண்ணும் உரிமையாளரின் அடையாளமும் இருந்தால் டீலரிடம் செய்துகொள்ளலாம், ஆனால் வண்டியை அங்கே இழுத்துப் போக வேண்டும். வீட்டுக்கே வந்து செய்பவர் முந்நூற்று நாற்பது டாலர் கேட்டார். நான் செய்யவில்லை. உங்கள் வண்டி புதியது, ஓடும் நிலையில் இருக்கிறது என்றால் செய்யுங்கள். சாவி இருந்து ஓடும் வண்டிக்கு ஏலத்தில் கிடைக்கும் தொகை வேறு, ஓடாத வண்டிக்குக் கிடைப்பது வேறு. அந்த வித்தியாசம் தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் பணத்தில்தான் தெரியும். எங்கள் வண்டிக்கு அந்தச் செலவு நியாயமாகப் படவில்லை.

கதவு திறந்ததும் கையுறைப் பெட்டியைப் பாருங்கள். சிலர் டைட்டிலையே அதில்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு கிடைத்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்ட்ராக் பட்டையைக் கழற்றினேன். அது வண்டியோடு போனால் அடுத்தவர் பாலம் கடக்கும்போதெல்லாம் அண்ணன் கணக்கில் பணம் போகும். கராஜ் ரிமோட்டை எடுத்தேன். அது எங்கள் வீட்டுக் கதவைத் திறப்பது, மறந்தே போயிருந்தோம். பிள்ளையாரை இழுத்தால் உடைந்துவிடும் போலிருந்தது. பல் ஃப்ளாஸ் நூலை அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி இழுத்தேன். பசை அறுபட்டு முழுசாக வந்துவிட்டார். அவர் இருந்த இடத்தில் மட்டும் டேஷ்போர்டு வெளுக்காமல் புதுசாகக் கறுப்பாக இருந்தது.

இப்போது டைட்டில். கலிஃபோர்னியாவில் அதற்கு ரெக் 227 என்ற ஃபார்ம். பலர் முதலில் நகல் டைட்டிலுக்கு விண்ணப்பித்து, அது தபாலில் வரும்வரை காத்திருந்து, அப்புறம் நன்கொடைக்குப் போகிறார்கள். தேவையில்லை. ரெக் 227 இரண்டு வேலையும் செய்யும்: டைட்டில் தொலைந்தது என்று அறிவிப்பதும், உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதும் அந்த ஒரே ஃபார்மில் முடியும். அதில் உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டுத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், மாற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நகலோ ஸ்கேனோ செல்லாது, மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். நான் ஃபார்மை அண்ணனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர்கள் அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, கூரியரில் அனுப்பினார்கள். அடித்துத் திருத்தாதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். எழுத்து தப்பினால் புது ஃபார்ம் எடுங்கள். ஊரிலிருப்பவர் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியாது என்றால், ரெக் 260 என்ற பவர் ஆஃப் அட்டர்னி ஃபார்மில் ஒரே ஒரு முறை கையெழுத்திட்டு உங்களை நியமிக்கலாம். மீதியை நீங்கள் போடலாம். எனக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு கூரியர் செலவு மிச்சமாகியிருக்கும்.

மற்ற மாநிலங்களில் ஃபார்ம் வேறு. டெக்சஸில் விடிஆர்-34, நியூயார்க்கில் எம்வி-902, நியூ ஜெர்சியில் ஓஎஸ்/எஸ்எஸ்-52. அங்கெல்லாம் நகல் டைட்டிலை முதலில் வாங்கச் சொல்லலாம், நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் நம்பர் பிளேட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இங்கே சாதாரண பிளேட் வண்டியோடேயே போகும்.

யாருக்குக் கொடுப்பது? அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. பெயர் அதில் வருகிறதா பாருங்கள். வந்தால் மட்டும் போதாது. பல தொண்டு நிறுவனங்கள் காரைத் தாங்களே கையாள்வதில்லை, நடுவில் ஒரு ஏஜென்சி எடுத்து விற்று, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். அதில் தவறில்லை, ஆனால் எவ்வளவு போய்ச் சேரும் என்று நேரடியாகக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஹேபிடாட் ஃபார் ஹ்யுமானிட்டி வண்டிகளை வாங்கிக்கொள்கிறது, எங்கள் பகுதிப் பொது வானொலி கே.க்யூ.ஈ.டி.யும் வாங்கிக்கொள்கிறது. கேட்கும்போதே "சாவி இல்லை, டைட்டில் இல்லை, உரிமையாளர் கையெழுத்து இருக்கிறது" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். டைட்டில் இல்லை என்பதோடு நிறுத்தினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

டோ டிரக் வரும் நாளுக்கு முன் அவர்களிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. சாவி இல்லாத வண்டியில் கியர் பார்க்கில் நிற்கும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரங்களால் ஓடும் வண்டி என்றால் அந்தச் சக்கரங்களே உருளாது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சின்ன உருளைத் தள்ளுவண்டிகளோடு, தட்டையான மேடை உள்ள டிரக் வர வேண்டும். தெரியாமல் வந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, சரிவா சமதளமா, அபார்ட்மென்ட் நிலவறை என்றால் கூரை எவ்வளவு உயரம், இவற்றை போட்டோவோடு அனுப்புங்கள். கதவு திறந்திருந்தால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். பல வண்டிகளில் கியர் கம்பி பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைப் பெயர்த்து ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் சாவி இல்லாமலே நியூட்ரலுக்கு வரும். டயருக்குக் காற்றும் அடித்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பம்பை வாங்கி நான் அடித்த காற்று ஒரு மணி நேரம் தாங்கியது. வண்டி மேலேற அது போதுமாக இருந்தது.

டிரக் ஓட்டுநரிடம் ரசீது வாங்காமல் அனுப்பாதீர்கள். வண்டி கைமாறிவிட்டது என்று தெரிவிக்கும் ரெக் 138 என்ற அறிவிப்பை அன்றே டி.எம்.வி. இணையதளத்தில் கொடுங்கள். ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கொடுக்காமல் விட்டால், அந்த வண்டி பிறகு வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் பெயருக்கு வரும். உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் அதற்குப் பிறகு நிறுத்துங்கள், முன்னால் வேண்டாம்.

வரி விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் உள்ள விதிப்படி, நிறுவனம் வண்டியை அப்படியே விற்றால், அது விற்ற தொகைதான் உங்கள் வரிக் கழிவு, நீங்கள் நினைக்கும் மதிப்பு அல்ல. அண்ணனின் கார் 610 டாலருக்குப் போனது, விற்ற தொகையைக் காட்டி நிறுவனம் அனுப்பும் 1098-சி ஃபார்மிலும் 610தான் வந்தது. விற்ற முப்பது நாளுக்குள் அந்த ஃபார்ம் உங்களுக்கு வர வேண்டும். 500 டாலரோ அதற்குக் குறைவாகவோ விற்றால், சந்தை மதிப்பு அல்லது 500, இதில் எது குறைவோ அதைக் காட்டலாம். கழிவு 500-ஐத் தாண்டினால் வரிக் கணக்கோடு 8283 ஃபார்மும் சேர வேண்டும். செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்குத்தான் இதில் பலன். 2025-க்கு தம்பதியர் சேர்ந்து தாக்கல் செய்தால் செலவுகளைக் காட்டாமலே பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவே 31,500 டாலர். அதைத் தாண்டாதவர்களுக்கு வரியில் ஒன்றும் குறையாது. டைட்டிலில் பெயர் உள்ளவருக்குத்தான் இந்தக் கழிவு என்பதையும் நினைவில் வையுங்கள். டிரைவ்வே எங்களுடையது என்பதற்காக எனக்கு எதுவும் கிடையாது.

உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வழி வேறு. அவருடைய கையெழுத்தை யாரும் போடக் கூடாது, எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும். கலிஃபோர்னியாவில் இறந்து 40 நாள் கழித்து, நீதிமன்றத்தில் வழக்கு இல்லாத சொத்து என்றால், வாரிசு ரெக் 5 என்ற உறுதிமொழியோடும் இறப்புச் சான்றிதழோடும் வண்டியைத் தன் உரிமைக்கு மாற்றலாம் அல்லது நேராகக் கொடுக்கலாம். சில வண்டிகளை இப்படியெல்லாம் கொடுக்கவே முடியாது. முன்பு வாடகைக்கு இருந்தவர் விட்டுப்போனது, யாருடையது என்றே தெரியாமல் உங்கள் இடத்தில் நிற்பது, இவை உங்களுடையவை அல்ல. அவற்றுக்குக் காவல்துறையின் அவசரம் அல்லாத எண்ணை அழையுங்கள். எந்த ஃபார்மிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.