பீர் கெக்கில் ஒரு நீராவிக் கொதிகலன்: வீட்டில் பன்னீரும் தீநீரும் வடிக்கும் முறை

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வாசலில் பன்னீர்ச்செம்போடு நிற்பது என் அம்மாவின் பொறுப்பாக இருந்தது. அந்தச் செம்பிலிருந்து தெளித்த நீர் ரோஜாவை வடித்த நீர்தான் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பெங்களூருக்கு வந்து, அல்சூரில் குடியேறி, கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் கூடை கூடையாகக் குவியும் பன்னீர் ரோஜாவைப் பார்த்த பிறகுதான், கடையில் விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது வாசனை கலந்த தண்ணீர் என்பதைக் கவனித்தேன். நம் சித்த மருத்துவத்தில் வாலையில், அதாவது வடிகலத்தில், இட்டு வடித்த நீருக்குத் தீநீர் என்று பெயர். குழந்தையின் வயிற்று உப்புசத்துக்குக் கொடுத்துவந்த ஓமத் தீநீரும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அந்த வாலைக்கு ஓர் உறுதியான அடுப்புக்கலனை, ஒரு பழைய பீர் கெக்கை, அதாவது பீர் அடைக்கும் எஃகுப் பீப்பாயைக் கொண்டு எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கொதிகலனுக்குள் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் போகாது. உரிமமின்றிச் சாராயம் காய்ச்சுவது கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம். அந்த நோக்கத்தோடு கருவிகளை வைத்திருப்பதும் குற்றமே. ஆகவே புளித்த எதையும் இதில் ஊற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்த விளக்கம் உதவாது. பூவும் வேரும் விதையும் தனியாக வேறொரு பாத்திரத்தில் இருக்கும். கெக் அவற்றுக்கு நீராவியை மட்டும் அனுப்பும்.

கெக்கைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலையாளருக்கு 30 லிட்டர் கெக் போதும். 50 லிட்டர் கெக்கில் தண்ணீர் நிரப்பிவிட்டால் ஒருவரால் நகர்த்தக்கூட முடியாது. கெக் முழுவதும் துருப்பிடிக்காத எஃகால் ஆனதாக இருக்க வேண்டும். வெளியே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை போட்டவற்றை வாங்க வேண்டாம். கெக்குகள் பொதுவாக மது ஆலையின் உடைமை என்பதையும், உடலில் ஆலையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பெங்களூரில் சிறு மது ஆலைகள் நிறைய இருப்பதால் கழித்துக்கட்டிய கெக் கிடைப்பது கடினமில்லை. ஆனால் ரசீது இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அழுத்தத்தை இறக்கி ஈட்டியைக் கழற்றுதல்

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான கட்டம் இதுதான். கெக்கின் கழுத்தில் ஒரு வால்வும், அதிலிருந்து அடிவரை செல்லும் நீண்ட குழாயும் சேர்ந்தாற்போல் இருக்கும். அதை ஈட்டி என்றே தொழிலில் சொல்வார்கள். காலிக் கெக்கிலும் கரியமில வாயு அழுத்தத்தோடு அடைந்திருக்கும். அந்த நிலையில் பூட்டு வளையத்தைக் கழற்றினால் ஈட்டி தோட்டாவைப் போல மேலே பாயும். அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, வால்வின்மேல் ஒரு தடித்த துணியைப் போட்டு, மரக்குச்சியால் நடுப்பகுதியை அழுத்திப் பிடியுங்கள். சீறல் முழுவதும் அடங்கிய பிறகும் விட்டு விட்டு இரண்டு மூன்று முறை அழுத்தி, ஒரு சத்தமும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வளையத்தை நெம்பி எடுத்து, ஈட்டியைத் திருகி வெளியே இழுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விற்பவரிடமே கழற்றித் தரச் சொல்லுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

துளைகளும் வெல்டிங்கும்

கெக்கில் இரண்டு துளைகள் மட்டும் தேவை. முதலாவது பக்கவாட்டில், உள் அடியிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில், ஹீட்டர் எலிமென்டுக்காக. இரண்டாவது மேல் வளைவில், பாதுகாப்புக் குழாய்க்காக. எஃகைத் துளைக்கும்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்தத்தைத் தளர்த்தாமல் துளைக்க வேண்டும். துளையிடும் முனை வெட்டாமல் உரசிக்கொண்டே சுற்றினால் அந்த இடம் மட்டும் இறுகிப்போய், அதன் பிறகு நல்ல முனைகூட இறங்காது. இந்த வேலைக்கு நான் பீன்யாவில் உள்ள ஒரு சிறிய பட்டறையை நாடினேன். ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கொடுப்பதே சரியான வழி. வெல்டிங்கின்போது கெக்கின் உட்புறமும் ஆர்கான் வாயுவால் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் செய்யாவிட்டால் உள்பக்கத்தில் பற்றவைத்த தையல் கருத்து, எரிந்த சர்க்கரையைப் போலச் சொரசொரப்பாகிவிடும். அழுக்கும் துருவும் முதலில் அங்கேதான் பிடிக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்க வேண்டும்.

எலிமென்ட் 2 கிலோவாட் போதும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுப்பதால் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் இணைக்க வேண்டும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது. கெக்கின் உடலுக்கு எர்த் கம்பி கட்டாயம்; மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சும் இருக்க வேண்டும். இந்த இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.

கொதிகலன் மூச்சுவிடும் வழி

நான் இதில் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இந்தப் பாதுகாப்புக் குழாயைப் பற்றியதாக இருக்கும். அரை அங்குல எஃகுக் குழாய் ஒன்றை மேல் துளையின் வழியே இறக்கி, அதன் கீழ்முனை எலிமென்டுக்கு 4 சென்டிமீட்டர் மேலே, தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்குமாறு பொருத்துங்கள். வெளியே அது கெக்கின் நீர்மட்டத்திலிருந்து சுமார் 1 மீட்டர் உயரம் சென்று, வளைந்து, ஒரு வாளிக்குள் திரும்ப வேண்டும். இதில் வால்வோ மூடியோ எதுவும் இருக்கக்கூடாது.

இந்த எளிய குழாய் மூன்று வேலைகளைச் செய்கிறது. பூவோ வேரோ அடைத்துக்கொண்டு உள்ளே அழுத்தம் ஏறினால், தண்ணீர் குழாயில் ஏறி வாளியில் கொட்டிவிடும். 1 மீட்டர் நீர்த்தம்பம் என்பது வீட்டுப் பிரஷர் குக்கரின் வெயிட்டைத் தூக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால், கெக் வெடிக்கும் நிலைக்கு அருகில்கூடப் போவதில்லை. அடுத்ததாக, நீர்மட்டம் குழாயின் கீழ்முனைக்கும் கீழே இறங்கினால் நீராவி அதன் வழியே சீறிக்கொண்டு வெளியேறும். எலிமென்ட் காய்ந்து எரிவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது, கேட்டவுடன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கடைசியாக, அணைத்த பிறகு கெக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழாய் வழியே காற்று உள்ளே நுழைவதால், வடித்த பன்னீரைக் கொதிகலன் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாது. குழாய் கக்கும் நீர் கொதிநீர் என்பதால், வாளியைக் குழந்தைகள் நடமாடாத மூலையில் வையுங்கள்.

பூக்கலனும் குளிர்விப்பானும்

கெக்கின் கழுத்தில் 2 அங்குல ட்ரை-கிளாம்ப் (கவ்வியால் இறுக்கும் குழாய் இணைப்பு) பொருந்தும். அதிலிருந்து உணவுத்தரச் சிலிகான் குழாய் வழியே நீராவியை 10 லிட்டர் எஃகுப் பால் கேனின் அடிப்பகுதிக்குக் கொண்டுசெல்லுங்கள். கேனின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் துளையிட்ட தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் பூவைப் பரப்ப வேண்டும். இட்லி வேகும் முறையேதான். கேனின் மூடி விளிம்பைக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி அடைக்கலாம். வாலையின் இடுக்குகளை மண் தோய்த்த துணியால் மூடிச் சீலைமண் செய்த நம் முன்னோரின் வழி இது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், முடிந்தபின் கழுவினால் போய்விடும். நீராவி செல்லும் பாதையில் பி.வி.சி., ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), ஈயம் கலந்த பற்றவைப்பு ஆகிய எதுவும் வேண்டாம். சிலிகான் குழாய் நடுவில் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கி நீராவியை மறிக்கும் என்பதால், அதை இழுத்துக் கட்டுங்கள்.

கேனின் மேலிருந்து வரும் நீராவியை நீராக்கும் குளிர்விப்பானுக்கு ஏ.சி. வேலைக்கு விற்கும் மென்மையான செம்புக் குழாயில் 3 மீட்டர் வாங்கி, நசுங்காமல் இருக்க உள்ளே பொடியுப்பை நிரப்பி இரு முனைகளையும் அடைத்து, ஒரு வாளியைச் சுற்றி வளைத்து, பின் வெந்நீரால் உப்பைக் கரைத்து வெளியேற்றலாம். சுருள் எங்கும் மேலேறாமல் தொடர்ந்து இறங்கு சரிவாகவே இருக்க வேண்டும். இதை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்தால், 20 லிட்டர் தண்ணீர் நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி வீதம் சூடாகி, அரை மணிக்குள் பயனற்றுப் போகும். குழாயைத் திறந்து ஓடவிடுவதோ, 2024 கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்திருந்த இந்த ஊரில் மனம் ஒப்பாத காரியம். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஏர் கூலர்களுக்குப் போடும் சிறு மோட்டாரால் சுற்றவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு 9 டிகிரிக்குள்தான் வெப்பம் ஏறும். வேலை முடிந்ததும் அந்த வெதுவெதுப்பான நீர் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் பயன்படும்.

முதல் ஓட்டம்

கெக்கைச் சலவை சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நன்றாக அலசி, வெறும் தண்ணீரோடு அரை மணி நேரம் நீராவியை எல்லாப் பாகங்களிலும் ஓடவிட்டு, வருவதைக் கொட்டிவிடுங்கள். பின்னர் 20 லிட்டர் தண்ணீர் நிரப்பிச் சுவிட்சைப் போட்டால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொதி வரும். தெர்மாமீட்டர் 97 டிகிரியிலேயே நின்றால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் கொதிப்பது அந்த வெப்பநிலையில்தான். அதன்பின் மணிக்கு இரண்டரை லிட்டர் அளவுக்கு வடிநீர் சொட்டும். பாதுகாப்புக் குழாய் எச்சரிக்கும் வரை மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் எலிமென்டில் வெண்ணிறப் படிவு சீக்கிரம் கட்டும். காவிரி நீரே நல்லது.

பழக்கத்துக்காக முதலில் அரை கிலோ ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். விலை குறைவு, மணம் உறுதி, வடிநீரின்மேல் எண்ணெய் மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஓமத்துக்குப் பயன்படுத்திய சிலிகான் குழாயைத் தனியே குறியிட்டு வையுங்கள். இதை அறியாமல் அதே குழாயில் 2 கிலோ பன்னீர் ரோஜாவை வடித்தேன். அம்மாவுக்கென்று ஆசையாக எடுத்த அந்த முதல் பாட்டில் முழுவதும் ஓமவாடைதான் வந்தது. எத்தனை முறை கொதிநீரில் அலசியும் அந்தக் குழாயிலிருந்து வாடை போகவில்லை.

ரோஜாவைப் பறித்த அன்றே, காம்பும் பச்சை இதழும் நீக்கி, அமுக்காமல் தளர்வாக நிரப்ப வேண்டும். ஒரு கிலோ இதழுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் வரும் பாதிதான் மணம் மிகுந்தது. பிறகு சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளியைப் புறங்கையில் விட்டு முகர்ந்து பார்த்து, வெந்த கீரையின் வாடை தட்டிய உடனே பாட்டிலை மாற்றிவிட வேண்டும். சந்தை ரோஜாவில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும் என்பதால் அந்தப் பன்னீரைத் தெளிக்க மட்டும் பயன்படுத்துங்கள். இனிப்பில் சேர்க்க வேண்டுமானால் மாடித் தொட்டியில் நீங்களே வளர்த்த பூவை எடுங்கள். கொதிநீரில் அலசிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தால், வடித்த அன்று இருக்கும் பச்சை வாடை நான்கைந்து நாளில் அடங்கி, ரோஜாவின் மணம் மேலெழும்.