மருந்து அடிக்க ஆள் வரும் முன்னும் பின்னும்

வீடுகளில் பூச்சிக்கு மருந்து அடிப்பது என் தொழில். சிறிய ஊரில் இந்த வேலைக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அதனால் கிடைத்தவரைக் கூப்பிட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வந்தவர் கையில் டார்ச் விளக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண்டியிட்டு சிங்குக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பார்க்காமல் பம்பை அழுத்தத் தொடங்குபவரைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

எந்தப் பூச்சி என்பதைப் பொறுத்தே வேலை. சமையலறையில் ஓடும் சிறிய பழுப்புக் கரப்பானைக் கூர்ந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் கொண்ட உறையைப் பொரிக்கும் காலம் நெருங்கும்வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். அந்த உறைக்குள் மருந்து இறங்காது. நேற்று அடித்தும் சில வாரங்களில் குஞ்சுகள் ஓடுவதற்குக் காரணம் இதுதான். சாக்கடை வழியாக ஏறிவரும் பெரிய செங்கரப்பான் வேறு வகை. வடிகால் வாய்க்குச் சல்லடை மூடி போட்டாலே பெருமளவு குறைந்துவிடும்.

ஜெர்மன் கரப்பானுக்கு நான் நம்புவது, அது தின்பதற்காக வைக்கும் விஷம் கலந்த பசையான ஜெல்லைத்தான். தீக்குச்சித் தலையளவுப் புள்ளிகளாக, அலமாரிக் கீலின் உட்புறம், இழுப்பறை ஓடும் தடம், பிரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கம் என்று வைக்க வேண்டும். தின்ற கரப்பான் உடனே சாகாமல் இடுக்குக்குத் திரும்பும். அதன் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்று அவையும் சாகும். அந்த ஜெல்லின் மேலேயே நீங்கள் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்தால் எல்லாம் வீண்; அந்த வாடைக்கு எதுவும் கிட்டே வராது. கரப்பான் அருகில் வந்து, தொட்டுப் பார்த்து, தின்னாமல் விலகினால் ஜெல்லை மாற்றச் சொல்லுங்கள். சில கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் கசக்கும் என்பதை 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். குளுக்கோஸ் கலந்த ஜெல் அவற்றிடம் செல்லாது.

கரையான் என்றால் அவசரம் கூடவே கூடாது. சுவரில் கோடாக ஏறும் மண் தடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள். கரையான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுவதே அந்தக் கோடுதான். நான் வரும்வரை விட்டுவையுங்கள். நடுவில் விரலகலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண்ணால் மீண்டும் மூடியிருந்தால் உள்ளே உயிரோட்டம் இருக்கிறது. மூடவில்லை என்பதற்காகக் கரையான் போய்விட்டது என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. வேறு வழி பிடித்திருக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றினால் கண்ணில் பட்டவை மட்டுமே சாகும். கூடு மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும். வழக்கமான முறையில் தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் 12 மி.மீ. துளைகளை 30 செ.மீ. இடைவெளியில் போட்டு, அடியிலுள்ள மண் வரை மருந்தைச் செலுத்தி, சிமெண்டால் அடைப்போம். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் ஓடும் இடங்களை முன்கூட்டியே சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். ஈரம் இருக்கும்வரை கரையானுக்கு அழைப்பு இருந்துகொண்டே இருக்கும்.

எலி விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. மூடிய அறையில் தூங்கும் குழந்தைகளின் உயிரையே பறித்துவிடும். எலிக்குப் பொறி வையுங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டைகளையெல்லாம் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள்.

மருந்து அடிக்கும் நாளில் சிங்குக்கு அடியிலிருப்பதை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். பாத்திரங்களை மூடுங்கள். மீன்தொட்டி இருந்தால் காற்று பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியை இறுக மூடுங்கள்; வீட்டுப் பூச்சிக்கு அடிக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. பூனையும் குழந்தையும் கர்ப்பிணியும் மருந்து நன்றாகக் காயும்வரை வெளியே இருக்கட்டும். மருந்து டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான். காட்ட மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அடித்த பிறகு ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள். சுவரோரத்தை மட்டும் சில வாரங்களுக்குச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டாம். முதல் சில நாள் கரப்பான் அதிகமாக வெளியே தெரியலாம். அதற்காக ஸ்பிரேயைத் தூக்காதீர்கள். மூட்டைப்பூச்சி என்றால் ஒருமுறை அடித்து முடியவே முடியாது. தப்பிய முட்டைகள் ஒன்றிரண்டு வாரங்களில் பொரிந்துவிடும். குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன் இரண்டாம் முறை அடித்தாக வேண்டும். பணம் பேசும்போதே அந்த இரண்டாம் வருகைக்குத் தேதி குறித்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.