பிள்ளை வளர்ந்தாச்சு, பழைய வில்லை என்ன செய்வது?

புறப்பாட நடவடிக்கையில் அம்பெய்தலை எடுக்கும் பிள்ளைகள், வாங்கிக் கொடுத்த சாமானைத் தாண்டிச் சீக்கிரமே வளர்ந்துவிடுகிறார்கள். கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் ஸ்டோர் ரூம் இருப்பதே கையளவு. இடத்தைக் காலி செய்கிற அவசரத்தில்தான் தவறு நடக்கிறது.

முதலில் அம்பு. கை கிழிவது அதில்தான். தம்பியின் அம்பை அண்ணன் எய்யக்கூடாது. நீளக் கைக்காரர் முழுக்க இழுத்தால் குட்டை அம்பின் முனை, அது உட்காரும் தாங்கியைத் தாண்டிப் பின்னால் வந்துவிடும். அப்படியே விட்டால் வில் பிடித்த கையிலேயே பாயலாம். அக்காவின் நீள அம்பு தங்கைக்குப் போவதில் இந்த ஆபத்து இல்லை. குறி கொஞ்சம் விலகலாம், பழகுகிற வயதில் பரவாயில்லை. கார்பன் அம்பென்றால் கைமாற்றும் முன் ஒவ்வொன்றையும் லேசாக வளைத்துப் பாருங்கள். படபடவென்று சத்தமோ கீறலோ இருந்தால் டேப் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

செடிக்குக் கொம்பாக நட்டால்? அலுமினிய அம்பென்றால் தாராளமாக; மிளகாய்ச் செடிக்கு நன்றாக நிற்கும். வெடித்த கார்பன் வேண்டாம், அதன் சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. எதை நட்டாலும் மேல்நுனியில் பழைய டென்னிஸ் பந்தைச் செருகிவிடுங்கள். குனிந்து தண்ணீர் ஊற்றுகிறவரின் கண் அந்த உயரத்துக்குத்தான் வரும்.

கழற்றி மாட்டும் வில்லை முழுசாக விற்றுவிட்டுப் புதிது வாங்குவது வீண் செலவு. நடுப்பிடி சரியாக இருந்தால், அதன் மேலும் கீழும் மாட்டுகிற, வளைந்து கொடுக்கும் லிம்ப் மட்டும் மாற்றலாம். 25 அங்குல நடுப்பிடியில் நடுத்தர லிம்ப் போட்டால் 68 அங்குல வில், நீள லிம்ப் போட்டால் 70. ஐ.எல்.எஃப். என்னும் பொது இணைப்பு வகைக்கு வேறு கம்பெனி லிம்பும் பொருந்தும். லிம்பைத் திருகாணியால் முடுக்கும் வகையில் அந்த நம்பிக்கை கிடையாது. லேசான பழைய லிம்பையும் தள்ளிவிடாதீர்கள் என்பேன். எஸ்.பி.எம். தேர்வு முடித்து மறுபடி வில்லுக்குத் திரும்பும் பிள்ளை எடுத்த எடுப்பிலேயே கனமான வில்லை இழுத்தால் தோள்பட்டைதான் அடிபடும்.

சரி, அப்பாவே பிள்ளையின் பழைய வில்லில் பழகலாமா? லிம்பில் எழுதிய பவுண்டு, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம், 28 அங்குல இழுப்புக்கானது. அதற்குமேல் அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு ஏறும். 54 அங்குலக் குட்டி வில்லை ஆறடி மனிதர் முழுக்க இழுத்தால் லிம்ப் உடையவும் கூடும்.

தமிழ்ப்பள்ளி நாடகத்தில் அர்ஜுனனுக்கு அந்த வில்லைக் கொடுப்பது ஆக மோசமான யோசனை. அம்பில்லாமல் நாணை இழுத்து விடாமல் எந்த அர்ஜுனனும் மேடையை விட்டு இறங்கமாட்டான். அம்புக்குப் போகவேண்டிய விசை லிம்பிலேயே இறங்கி அது பிளந்துவிடக்கூடும். அம்பறாத்தூணியும் கைக்காப்பும் கொடுங்கள், போதும். வில்லைப் பிரம்பில் கட்டிக்கொள்ளட்டும்.

பள்ளிக் குழுவுக்கே கொடுப்பதென்றால் இடக்கையா வலக்கையா, நீளம் என்ன, எத்தனை பவுண்டு என்று எழுதி ஒட்டுங்கள். அப்புறம், கொடுக்கும்வரை காரின் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். நம் வெயிலில் மூடிய காரின் சூட்டுக்கு லிம்பின் பசை விட்டுப்போகலாம்.