கடும் கொரோனாவில் ஸ்டீராய்டு: எப்போது, எவ்வளவு

ஸ்டீராய்டைத் தொடங்குமுன் மருத்துவர் பார்க்க வேண்டியது நோயாளியின் ஆக்சிஜன் தேவையை. காய்ச்சல் எவ்வளவு என்பது இங்கே பொருட்டில்லை. முதல் சில நாள்களில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது ஸ்டீராய்டால் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குவது பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், எதிர்ப்பாற்றலால் எழும் அழற்சி கட்டுமீறி நுரையீரலையே தாக்கும் கட்டத்தில்தான் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கைகொடுக்கிறது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தோரின் 28 நாள் இறப்பு விகிதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிடம் 41.4 சதவீதமாகவும் இம்மருந்தையும் பெற்றோரிடம் 29.3 சதவீதமாகவும் இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதோருக்குப் பயன் ஏதும் தெரியவில்லை.

நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், மாத்திரையாகவோ ஊசியாகவோ, அதிகபட்சம் 10 நாள் போதும். அதற்குள் நோயாளி வீடு திரும்பினால் நிறுத்திவிடலாம். இதன் பின்னும் ஆக்சிஜன் தேவை ஏறி, ரத்தத்தில் சிஆர்பி (அழற்சியின் அளவைக் காட்டும் புரதம்) லிட்டருக்கு 75 மில்லிகிராமைத் தாண்டினால், காசநோயோ வேறு கடும் தொற்றோ இல்லையென்று உறுதிசெய்துகொண்டு அழற்சியைத் தணிக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தையும் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம்.

ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதால், அதைத் தினமும் பலமுறை விரல்நுனியில் குத்திப் பார்ப்பதை, நீரிழிவு இல்லாதவருக்கும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பெருகியதற்குக் கட்டுப்படாத சர்க்கரையும் வரைமுறையற்ற ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். ஒருபக்க முகவலி, கண்வீக்கம், மூக்கிலிருந்து கறுத்த சளி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.