இயற்பியல் துறையின் சாதனைச் செய்திகளை எழுதும் முறை

பல்கலைக்கழக இயற்பியல் துறையின் செய்திமடலைத் தயாரிக்கும் பொறுப்பு, பெரும்பாலும் துறையில் கடைசியாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடமோ முனைவர் பட்ட ஆய்வு மாணவரிடமோ வந்து சேர்கிறது. இத்தனை கட்டுரைகள், இத்தனை கருத்தரங்குகள், இத்தனை பேர் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி என்று ஒரு பட்டியல் அவர் கைக்கு வரும். அதை அப்படியே அச்சிட்டால் கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் குழுவுக்கு அனுப்பும் கோப்பில் சேர்க்கலாம். படிப்பதற்கு ஆள் இருக்காது. அந்தப் பட்டியலைச் செய்தியாக மாற்ற வேண்டுமானால், ஆய்வாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆய்வுக்கு முன் தெரியாதிருந்த எது இப்போது தெரியவந்திருக்கிறது? அவர் சொல்லும் விடையே செய்தியின் முதல் வாக்கியம். இதழின் பெயரும் விருதின் பெயரும் அதற்குப் பின்னால் வரட்டும்.

சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையிலிருந்து 1954-இல் வெளிவந்த முடிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ‘துறைத் தலைவர் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டுள்ளனர்’ என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் அதில் இயற்பியல் எதுவும் இல்லை. ‘தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம், மூன்று சங்கிலிகள் சேர்ந்தமைந்த முப்புரி அமைப்பு உடையது என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படங்களைக் கொண்டு நம் துறையினர் காட்டியுள்ளனர்’ என்று எழுதினால், வேதியியல் துறைக்காரரும் நின்று படிப்பார். அந்தப் புரதத்தில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் ஏன் இருக்கிறது என்பதற்கும் அந்த அமைப்பே விடை தருகிறது: மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை. இப்படி ஒரு ‘ஏன்’ கிடைத்தால் அதை விட்டுவிடக் கூடாது. அரைப் பக்கம் ஆனாலும் எழுதலாம்.

இதே வரலாற்றில் செய்தி எழுதுபவர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அந்தக் கொல்லாஜன் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கி நிற்கின்றன என்று இங்கிலாந்திலிருந்து ஆய்வாளர்கள் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினார்கள். அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியை ராமச்சந்திரன் குழுவினர் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து அளவுகளைத் திரட்டினார்கள். அந்த வழியில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட, அணுக்கள் மோதாமல் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் திரும்பலாம் என்று காட்டும் வரைபடமே இன்று உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். ஆகவே, உங்கள் துறையின் முடிவை யாரேனும் மறுத்திருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. மறுப்பும் அதற்குத் துறையினர் தேடிய விடையும் அடுத்த இதழுக்குரிய செய்திகள்.

அடுத்து, முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தவறாமல் எழுத வேண்டும். மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்சிவ் இணையதளத்தில் ஏற்றப்பட்ட முன்வரைவு, இதழுக்கு அனுப்பப்பட்ட கட்டுரை, மதிப்பீட்டாளர்கள் பார்த்தபின் ஏற்கப்பட்ட கட்டுரை, வெளிவந்துவிட்ட கட்டுரை ஆகிய நான்கும் வெவ்வேறு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்து சேர்ந்ததாக ஓபரா குழுவினர் 2011 செப்டம்பரில் அறிவித்தபோது, பிழை எங்கே என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்றே அவர்கள் மற்ற ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்புச் செய்திகளில் அந்த வேண்டுகோள் காணாமல் போயிற்று. 2012-இல் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. ஆய்வாளர் தயங்கிச் சொன்னதை நாம் உறுதியாக எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பங்கு யாருடையது என்பதில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான ஈர்ப்பு அலைகளைப் பற்றி 2016 பிப்ரவரி 11 அன்று வெளியான, அந்த அலைகளைப் பதிவுசெய்த லைகோ ஆய்வகத்தின் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். அத்தகைய கூட்டு முயற்சியில் உங்கள் துறையினர் இருவர் இருந்தால், ‘நம் துறை ஈர்ப்பு அலையைக் கண்டுபிடித்தது’ என்று எழுதுவது மிகை. ‘நம் துறையினரும் பங்கேற்றனர்’ என்று மட்டும் எழுதுவதோ மிகவும் குறைவு. அவர்கள் செய்த வேலை தரவில் இரைச்சலைப் பிரிப்பதா, அலைவடிவங்களைக் கணிப்பதா, ஆடியின் மேற்பூச்சைச் சோதிப்பதா என்று கேட்டு, அதை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டால் பெருமையும் உண்மையும் சேர்ந்து நிற்கும். ஆய்வு மாணவர் செய்த அளவீட்டை வழிகாட்டியின் பெயரில் மட்டும் எழுதும் வழக்கத்தையும் இந்த இடத்திலேயே கைவிட வேண்டும்.

எண்களில்தான் செய்திமடல்கள் அதிகம் சறுக்குகின்றன. தாக்கக் காரணி என்பது ஓர் இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி; இதழுக்குரியது. கட்டுரைக்கோ ஆசிரியருக்கோ உரியதன்று. பல கட்டுரைகளின் தாக்கக் காரணிகளைக் கூட்டி ‘மொத்தத் தாக்கக் காரணி’ என்று அச்சிடுவது, ஏறி இறங்கிய பேருந்துகளின் தட எண்களைக் கூட்டிச் சொல்வதற்கு ஒப்பாகும். காப்புரிமையைப் பொறுத்தவரை, இந்தியாவில் விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பின் காப்புரிமை இதழில் வெளியிடப்படும். அது காப்புரிமை அலுவலகத்தின் பரிசீலனை முடிந்து காப்புரிமை வழங்கப்பட்டதாக ஆகாது. ‘வெளியிடப்பட்டது’, ‘வழங்கப்பட்டது’ என்ற இரண்டு சொற்களை மாற்றிப் போடாதிருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ‘உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகள்’ என்ற பட்டியலும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் இயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் என்னும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் மேற்கோள் தரவுகளைக் கொண்டு தொகுப்பது அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழங்கும் விருதன்று. வாழ்நாள் பணிக்கு ஒன்றும் ஓராண்டுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் இருப்பதால், எதில் பெயர் வந்தது என்றும் குறிப்பிட வேண்டும்.

ஆய்வின் அளவுகளை எழுதும்போது ஒப்பீடு இல்லாத எண்ணை விட்டுவைக்கக் கூடாது. தமிழ்நாட்டுத் துறைகள் பலவற்றில் நடக்கும் படிக வளர்ப்பையே பார்ப்போம். ‘புதிய நேரிலா ஒளியியல் படிகம் வளர்க்கப்பட்டு, அதன் பண்புகள் ஆராயப்பட்டன’ என்ற வாக்கியத்தை எந்த ஆண்டின் செய்திமடலிலும் வைக்கலாம். அப்படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் ஒளியை 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றுகிறது என்றும், அத்திறன் ஒப்பீட்டுப் பொருளான கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தைவிட எத்தனை மடங்கு என்றும், கரைசலிலிருந்து அதை வளர்க்க எத்தனை நாள் ஆயிற்று என்றும் எழுதினால், அது அந்த ஆண்டுக்கு மட்டும் உரிய செய்தியாகிவிடும். கே.டி.பி.யைவிடக் குறைவாக இருந்தாலும் எழுதலாம். வெப்பத்தைத் தாங்கும் திறன் போன்ற வேறொரு காரணம் அப்படிகத்துக்கு இருக்கக்கூடும்.

நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேசிய அளவிலான தேர்வுகளின் தேர்ச்சிகளைச் சுருக்கமாக, தேர்வின் பெயரும் ஆண்டும் சேர்த்து ஒரே பத்தியில் தரலாம். நெட் தேர்ச்சியில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவரையும் அந்த உதவித்தொகையின்றி உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றவரையும் பிரித்துக் காட்ட வேண்டும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்களுக்குப் பதிலாக, மாணவர் கருவியின் முன் அமர்ந்திருக்கும் படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படத்தின் கீழே கருவியின் பெயரும் அது எதை அளக்கிறது என்பதும் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய ஆய்வாளரிடம் காட்டி, உண்மைப் பிழைகளை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். நடையைத் திருத்தச் சொன்னால் கட்டுரையின் சுருக்கம் அப்படியே திரும்பி வந்து சேரும். பிறகு இயற்பியல் படிக்காத ஒருவரிடம், துறை அலுவலக எழுத்தராக இருந்தாலும் சரி, படிக்கக் கொடுத்து எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். அந்த வரியைத் திருத்தியபின் அச்சுக்கு அனுப்பலாம். முந்தைய இதழில் பிழை நேர்ந்திருந்தால், அதற்கான திருத்தம் முதல் பக்கத்திலேயே இடம்பெறட்டும்.