மலிவான ஷவர் செட் எடுக்கும்போது இதைப் பாருங்கள்
திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்று படுகிற வீடென்றால் ஷவர் செட்டின் பளபளப்பை நம்பி வாங்காதீர்கள். கடையிலேயே கையில் எடுத்து, சுவருக்குள் போகும் புரிப் பக்கம் உள்ளே பாருங்கள். மஞ்சளாக, கனமாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறத்தில் லேசாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவைதான், மேலே பூசிய குரோம் பொரிந்ததும் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். உள்ளே செராமிக் காட்ரிஜ் (தண்ணீரைத் திறந்து மூடும் பீங்கான் தட்டுப் பகுதி) இருந்தால் வாஷர் மாற்றும் தொல்லை இல்லை. பெரிய மழை ஷவர் ஆசையெல்லாம் சரி, ஆனால் மேல்தாங்கித் தண்ணீருக்கு ஒரு மீற்றர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், பம்ப் இல்லாத வீட்டுக்குச் சின்ன ஷவர் தலையே போதும். அப்புறம், குளியல் தொட்டிக்கும் சேர்த்து மிக்சர் (சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) எடுப்பவர்கள் சுவரிலுள்ள சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர்க் குழாய்களின் நடு இடைவெளியை அளந்துகொண்டு போங்கள், வழக்கமாக 150 மில்லிமீற்றர்.